எல்லாவற்றையும் செல் பீஸின் கணக்கில் எழுதாதீர்கள்: வன்னியிலிருந்து ஒரு திறந்த மடல்

வடக்கு மாகாண சுகாதார சேவைகள் பணிப்பாளர் அவர்களுக்கும், கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர்களுக்கும், இந்த மாவட்டங்களின் ஆஸ்பத்திரிகளில் ஓ.பி.டி. என்ற வெளிநோயாளர் பிரிவு மேசையில் இருந்து எங்களைப் பார்க்கும் வைத்தியர்களுக்கும்,

வணக்கம்.

நான் வைத்தியர் இல்லை. கிளிநொச்சி மாவட்டத்தில் ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறேன். சிங்களம் ஓரளவு பேசுவேன், ஆங்கில றிப்போட்டை வாசித்து விளங்கப்படுத்துவேன். அதனால், அக்காவின் வருத்தத்தோடு தொடங்கி, தலைக்குள்ளோ முள்ளந்தண்டிலோ கட்டி என்று சொல்லப்பட்ட பலரோடு யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் மகரகமவுக்கும் கூடப் போய் வருகிறேன். கிளினிக் விறாந்தைகளில் காத்திருந்து, வைத்தியர்களிடம் கேட்டு, கைக்குக் கிடைத்ததை வாசித்துத் தெரிந்துகொண்டதை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

வன்னியில் போரைக் கடந்து வந்த ஒருவர் தலையிடி, கால் விறைப்பு, நாரி நோ என்று வந்தால், "உடம்பில பீஸ் இருக்கா?" என்று, எறிகணை (செல்) வெடித்துச் சிதறிய உலோகத் துண்டைப் பற்றிக் கேட்கிறீர்கள். அந்தக் கேள்வி சரியானதுதான். ஆனால் "ஓம், இருக்கு" என்று சொன்னவுடன் தேடல் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடுகிறது. இல்லை என்று சொன்னவருக்கோ, "கன கஷ்டம் அனுபவிச்சிருக்கிறீங்கள், யோசிக்கிறதைக் குறையுங்கோ" என்ற பதில் கிடைக்கிறது. இந்த இரண்டு பதில்களுக்கும் அடியில், மெதுவாக வளரும் அரிய கட்டிகள் ஆண்டுக்கணக்கில் யாருக்கும் தெரியாமல் கிடக்கின்றன. அவற்றைக் காலத்தோடு கண்டுபிடித்துச் சரியான பெயர் வைக்க வன்னிக்கு ஒரு ஒழுங்கு வேண்டும். அதைக் கேட்கத்தான் இந்த மடல்.

அக்காவின் கதையை அவளுடைய சம்மதத்தோடு சொல்கிறேன். எந்த ஆஸ்பத்திரி, எந்த வைத்தியர் என்று எழுதப்போவதில்லை. யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என் நோக்கம் இல்லை.

2009 இல் அவளுடைய முதுகின் வலப்பக்கம், தோள்பட்டை எலும்புக்குக் கிட்ட, செல் பீஸ் ஒன்று ஏறியது. அந்த நேரம் அதை எடுக்கும் நிலை இருக்கவில்லை. காயம் ஆறியது. பல ஆண்டு தோட்டம் செய்தாள், வயலுக்குப் போனாள், பிள்ளைகளைத் தூக்கி வளர்த்தாள். பிறகு நடையில் ஒரு மாற்றம் வந்தது. வரம்பில் நடக்கும்போது கால் தடக்கியது. செருப்பு காலை விட்டுக் கழன்றதே தெரியாமல் நாலடி நடந்துவிடுவாள். நெஞ்சைச் சுற்றி இறுக்கமாக இருக்கிறது என்றாள். இரவில் படுத்தால் முதுகு உளைவு கூடியது. கிணற்றடியில் குளிக்கும்போது ஒரு காலில் தண்ணீரின் குளிர் தெரியவில்லை.

போன ஒவ்வொரு இடத்திலும் எக்ஸ்ரே எடுத்தார்கள். ஒவ்வொன்றிலும் பீஸ் வெள்ளையாகத் தெரிந்தது. அதைக் கண்டதும் எல்லோருக்கும் விடை கிடைத்துவிட்டது. நரம்புக்கு விற்றமின், நோவுக்குக் குளிசை, சுடுநீர் ஒத்தடம், உடற்பயிற்சி. ஒருமுறை மனநல கிளினிக்குக்கும் அனுப்பினார்கள். அங்கிருந்த வைத்தியர்தான் அவள் சொன்னதை முழுதாகக் கேட்டுவிட்டு, "இது மனசால வந்ததில்லை, இவவின்ர காலைப் பாருங்கோ" என்று கடிதம் எழுதித் தந்தார். அவருக்கு எங்கள் குடும்பம் என்றைக்கும் கடன்பட்டிருக்கிறது.

அந்தக் கடிதத்தோடு போனபோது ஒரு இளம் வைத்தியர் அவளைக் கட்டிலில் படுக்கவைத்து, கால் விரலிலிருந்து மேலே மேலே குண்டூசியால் தொட்டுக்கொண்டு வந்தார். குத்துவது எங்கே தெளிவாகத் தெரியத் தொடங்குகிறதோ அங்கே பேனையால் கோடு போட்டார். கோடு மார்புக்குச் சற்றுக் கீழே விழுந்தது. முழங்காலைச் சின்னச் சுத்தியலால் தட்டினார். கால் அளவுக்கு மிஞ்சித் துள்ளியது. உள்ளங்காலைக் கீறினார். பெருவிரல் மேல்நோக்கி எழுந்தது. "பிரச்சினை நாரியில் இல்லை, நெஞ்சு மட்டத்தில் முண்ணாணை ஏதோ அமத்துது" என்றார். முண்ணாண் என்பது முள்ளந்தண்டுக்குள் ஓடும் நரம்புத்தண்டு. பீஸ் இருந்ததோ அந்த மட்டத்தில் இல்லை. அது மேலே, பக்கத்தில், தசைக்குள் இருந்தது.

பிறகு எடுத்த எம்.ஆர்.ஐ. படத்தில் தெரிந்தது மெனிஞ்சியோமா என்ற கட்டி. மூளையையும் முண்ணாணையும் மூடியிருக்கும் உறையிலிருந்து வளர்வது அது. முள்ளந்தண்டில் வரும்போது பெரும்பாலும் நடுவயது தாண்டிய பெண்களுக்கும், நெஞ்சு மட்டத்திலும்தான் வருகிறது. மிகப் பெரும்பாலும் புற்றுநோய் இல்லை. ஒப்பரேசன் செய்து எடுத்தால் அநேகர் தேறிவிடுகிறார்கள். அக்கா இப்போது நடக்கிறாள். வேகமாக இல்லை. ஒரு காலில் உணர்வு முழுதாகத் திரும்பவில்லை, சலம் வந்தால் உடனே போயாக வேண்டும். முந்திப் பிடித்திருந்தால் இந்தக் குறைகளும் மிஞ்சியிருக்காது என்று ஒப்பரேசன் செய்தவரே சொன்னார்.

அந்த இளம் வைத்தியரிடம் இருந்தவை ஒரு குண்டூசி, ஒரு சுத்தியல், ஒரு பேனை. இதைத் திரும்பத் திரும்ப யோசிக்கிறேன். முண்ணாணை அமத்திய கட்டியைக் கண்டுபிடித்து, வெற்றிகரமாக அகற்றிய முதல் ஒப்பரேசன் 1887 இல் லண்டனில் நடந்தது. எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்டதே 1895 இல். அந்த நோயாளி ஒரு முன்னாள் இராணுவ அதிகாரி. அவருக்கும் அதற்கு முன் வேறு வேறு பெயர்கள் சொல்லி வேறு வேறு வைத்தியம் நடந்தது. வில்லியம் கோவர்ஸ் என்ற நரம்பியல் வைத்தியர் நடையையும் தொடுபுலனையும் தெறிவினையையும் பார்த்துக் கட்டி இருக்கும் மட்டத்தைச் சொன்னார். விக்டர் ஹோர்ஸ்லி திறந்தார். சொன்ன இடத்தில் முதலில் ஒன்றும் தெரியவில்லை. கொஞ்சம் மேலே போய்ப் பார்த்தபோது கட்டி இருந்தது. அந்த மனிதர் பிறகு எழுந்து நடந்தார். படம் எதுவும் இல்லாத காலத்தில் விரலும் ஊசியும் அவ்வளவு செய்திருக்கின்றன. ஸ்கான் மெசின் போதாது என்ற குறையை வன்னியில் நாங்கள் எல்லோரும் சொல்கிறோம், அது உண்மையான குறைதான். ஆனால் முதல் தாமதம் மெசினால் வருவதில்லை. நோயாளியைக் கட்டிலில் ஏற்றிப் பார்க்காததால் வருகிறது. நூற்றுக்கணக்கானவர்கள் வரிசையில் நிற்கும் காலை நேரத்தில் ஒருவருக்குப் பத்து நிமிடம் எப்படி ஒதுக்குவது என்று கேட்பீர்கள். அந்தக் கேள்விக்கு வைத்தியரைத் தனியே பொறுப்பாக்க முடியாது. ஆளணியைத் தர வேண்டியது மேலே இருப்பவர்கள். ஆகவே அவர்களையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

பீஸ் காரணமாகவே இருக்க முடியாது என்று நான் சொல்லவில்லை. மூளைக்குள் ஊடுருவிய காயம் பல ஆண்டு கழித்தும் வலிப்பைத் தரும். வியட்நாம் போரில் அப்படிக் காயம்பட்ட அமெரிக்கப் படையினரை நெடுங்காலம் தொடர்ந்து கவனித்த ஆய்வில், ஏறக்குறையப் பாதிப்பேருக்கு வலிப்பு வந்திருக்கிறது. உள்ளே நிற்கும் துண்டைச் சுற்றிச் சீழ் பிடிக்கலாம். காயப்பட்ட முண்ணாணுக்குள் பிந்தி நீர்க்குழி உண்டாகலாம். இவையும் பார்த்தறிய வேண்டியவைதானே? பீஸ் இருக்கிறது என்பது தேடலைக் கூட்ட வேண்டிய காரணம். புதிதாக ஒரு குணங்குறி வந்து, அது மாதத்துக்கு மாதம் கூடிக்கொண்டு போனால், உடம்பில் எத்தனை பீஸ் இருந்தாலும் அவரை முதலிலிருந்து மறுபடி பார்க்க வேண்டும். இந்த ஒரு விதியை எழுதி ஓ.பி.டி. சுவரில் ஒட்டினாலே போதும் என்று எனக்குப் படுகிறது.

இனி எம்.ஆர்.ஐ. பற்றி. வன்னிக்கு இது தனிச் சிக்கல். செல்லின் கோது உருக்கால் ஆனது. உருக்கு காந்தத்துக்கு இழுபடும். எம்.ஆர்.ஐ. மெசினின் காந்தம் மிகப் பெரியது. கண்ணுக்குள், மூளைக்குள், முண்ணாணுக்குப் பக்கத்தில், பெரிய இரத்தக்குழாய் அருகே துண்டு நின்றால், அது அசைந்து பெரும் சேதம் செய்யலாம். ஈயமும் செம்பும் அப்படி இழுபடாது. ஆனால் துவக்குச் சன்னங்களிலும் சிலவற்றின் உள்ளீடோ உறையோ உருக்குத்தான். ஆகவே பயப்படுவது நியாயம். நியாயமில்லாதது, "பீஸ் இருக்கு, எம்.ஆர்.ஐ. ஏலாது" என்ற ஒரே வசனத்தோடு ஆளை வீட்டுக்கு அனுப்புவது. கை, தொடை, முதுகுத் தசைக்குள் பல ஆண்டு இறுகிப்போய் நிற்கும் சின்னத் துண்டு வேறு, விழிக்குள் நிற்கும் துண்டு வேறு. எக்ஸ்ரேயோ சீ.டி.யோ எடுத்து, துண்டு எங்கே நிற்கிறது, எவ்வளவு பெரிது என்று பார்த்து, கதிரியக்க வைத்திய நிபுணர் ஆபத்தையும் பயனையும் நிறுத்துப் பார்த்து முடிவெடுக்கலாம். அக்காவுக்கு அப்படித்தான் முடிவெடுத்தார்கள். அதற்கு முன் ஒரு இடத்தில் திருப்பி அனுப்பியிருந்தார்கள். உண்மையிலேயே எம்.ஆர்.ஐ. ஏலாது என்றால் சீ.டி. இருக்கிறது. முண்ணாணைச் சுற்றியுள்ள நீருக்குள் சாயமருந்து ஏற்றி எடுக்கும் மைலோகிராம் இருக்கிறது. உலகத்தில் முதன்முதலாக ஒரு நோயாளிக்கு சீ.டி. ஸ்கான் எடுத்தது 1971 ஒக்ரோபரில், லண்டனில், மூளைக்கட்டி இருக்கலாம் என்று சந்தேகப்பட்ட ஒரு பெண்ணுக்குத்தான். படத்தில் கட்டி தெரிந்தது. ஒரு கதவு பூட்டியிருந்தால் மற்றக் கதவைக் காட்டுங்கள்.

இதற்காக நான் கேட்பது மிகச் சாதாரணமானது. உடம்பில் உலோகத் துண்டோடு வாழ்கிற ஒவ்வொருவருக்கும் ஒருமுறை முறையாக எக்ஸ்ரே எடுத்து, எந்த இடத்தில் என்ன அளவில் நிற்கிறது, கண்ணிலோ மண்டைக்குள்ளோ முள்ளந்தண்டுக் கால்வாயிலோ உண்டா என்று ஒரு அட்டையில் எழுதிக் கொடுங்கள். அதைக் கிளினிக் கொப்பியோடு ஒட்டி வைத்திருப்பார்கள். விசுவமடுவில் இருந்தோ முள்ளியவளையில் இருந்தோ ஒருவர் இரவு பஸ் ஏறிக் கொழும்புக்குப் போய், ஸ்கான் அறை வாசலில் "பீஸ் எங்கே?" என்ற கேள்விக்குப் பதில் தெரியாமல் திரும்பி வருவதை நான் கண்டிருக்கிறேன். ஒரு நாள் கூலி போகும், பஸ் காசு போகும், அடுத்த திகதிக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். காட்டி அலுத்துப்போய், இனி வேண்டாம் என்று இருந்துவிட்டவர்களும் இருக்கிறார்கள்.

அரிய நோய் என்றால் யாருக்கோ எங்கோ வருவது என்று நினைக்கத் தோன்றும். உலக சுகாதார நிறுவனம் 2021 இல் வெளியிட்ட வகைப்பாட்டில் மூளை, முண்ணாண் கட்டிகள் நூறு வகைக்கு மேல் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் தனியே எடுத்தால் ஒரு வைத்தியர் தன் வாழ்நாளில் ஒருமுறை காணலாம், காணாமலும் போகலாம். எல்லாவற்றையும் சேர்த்தால் எந்த ஓ.பி.டி.யிலும் அவை வந்துபோகின்றன. கோர்டோமா என்ற கட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். கருவில் முள்ளந்தண்டு உருவாகும்போது இருந்த முதுகுநாணின் எச்சத்திலிருந்து வளர்வது. ஆண்டுக்குப் பத்து இலட்சம் பேரில் ஒருவருக்கு வருகிறது. வடமாகாணத்தின் சனத்தொகை பத்து இலட்சத்துக்குச் சற்று மேல். அப்படியென்றால் சராசரியாக ஆண்டுக்கு ஒருவர் எங்களுக்குள் இருப்பார். மண்டையோட்டின் அடித்தளத்தில் வந்தால் ஒரு பொருள் இரண்டாகத் தெரியும், ஒரு கண் வெளிப்பக்கம் திரும்பாது. நாரிக்குக் கீழே திரிகத்தில் வந்தால், கதிரையில் இருக்க ஏலாத நோ, மலச்சிக்கல், சலம் போவதில் கஷ்டம். நாரிப்பிடிப்பு என்று எண்ணெய் போட்டுக்கொண்டும், மூலம் என்று வைத்தியம் செய்துகொண்டும் ஆண்டுகள் போகலாம்.

கபச்சுரப்பிக்குப் பக்கத்தில் வரும் கிரானியோபரிஞ்சியோமா பிள்ளைகளுக்கும் வரும், ஐம்பது தாண்டியவர்களுக்கும் வரும். பிள்ளை வளராமல் நிற்கும். ஓயாமல் தண்ணீர் குடித்து ஓயாமல் சலம் போகும். பார்வையின் இரு ஓரங்களும் குறையும், கொப்பியில் வரியின் முனைகளை விட்டுவிட்டு வாசிக்கும். வகுப்பில் இருக்கும் எங்களைப் போன்றவர்கள்தான் இதை முதலில் காணும் இடத்தில் இருக்கிறோம். வயது வந்தவருக்கு மோதிரம் இறுகி, செருப்பின் அளவு கூடி, முகம் பருத்துக்கொண்டு வந்தால் அதுவும் கபச்சுரப்பிக் கட்டியாக இருக்கலாம். ஒரு காதில் மட்டும் கேள்வி குறைந்துகொண்டு போவது கேட்டல் நரம்புக்கு அருகே வரும் ஷ்வான்னோமா என்ற கட்டியாக இருக்கலாம். "செல் சத்தத்தில காது அடிச்சது" என்று எழுதுவதற்கு முன் எப்போது தொடங்கியது, கூடிக்கொண்டு போகிறதா என்று கேளுங்கள்.

பிள்ளைகளைப் பற்றிக் கொஞ்சம் கூடச் சொல்ல வேண்டும். விடியற்காலையில் தலையிடியும் சத்தியும், புதிதாக வந்த வாக்குக் கண், தலையை ஒரு பக்கம் சரித்துப் பிடிப்பது, நடை தள்ளாடுவது, பால்குடிப் பிள்ளையின் தலைச்சுற்றளவு வேகமாகக் கூடுவது, இவை எல்லாம் எச்சரிக்கைகள். இந்தப் பிள்ளைகளுக்குப் போரே தெரியாது. பீஸும் இல்லை. ஆனால் "பேன் மருந்து வைச்சதாலயோ", "வெயிலுக்க விளையாடினதாலயோ", "கண்ணூறோ" என்று வீட்டில் தொடங்கி, பூச்சி மருந்தும் பனடோலும் கொடுத்து நாட்கள் ஓடுகின்றன. பிரித்தானியாவில் 2011 இல் ஹெட்ஸ்மார்ட் என்ற விழிப்புணர்வு இயக்கம் இந்தக் குணங்குறிகளை ஒரு சின்ன அட்டையில் அச்சடித்துப் பெற்றோருக்கும் பாடசாலைகளுக்கும் வைத்தியர்களுக்கும் கொடுத்தது. குணங்குறி தொடங்கியதிலிருந்து நோய் கண்டுபிடிக்கும் வரை நடுத்தரமாக 14 வாரத்துக்கு மேல் எடுத்த காலம் அங்கே 7 வாரத்துக்குக் கீழே வந்தது. புதிய மெசினுக்குச் செலவழித்து வந்த முன்னேற்றம் இல்லை அது. எங்கள் குடும்பநல உத்தியோகத்தர்கள் ஒவ்வொரு வீட்டுப் படியும் ஏறுகிறவர்கள். அவர்களின் பையில் தமிழில் அப்படி ஒரு அட்டை இருந்தால் மல்லாவி, துணுக்காய், கொக்கிளாய் வரை அது போய்ச் சேரும். பிறந்த பிள்ளையின் முதுகெலும்பு வழியே மயிர்க்கற்றையோ சின்னத் துளையோ இருந்தால் அதையும் அவர்கள்தான் முதலில் காண்பார்கள். அப்படியான துளை உள்ளே முண்ணாண் உறை வரை போயிருக்கலாம், அடியில் தோலின் கூறுகளால் ஆன டெர்மோயிட் கட்டி இருக்கலாம், அந்தத் துளை வழியாகக் கிருமி புகுந்து மூளைக்காய்ச்சல் வரலாம்.

ஸ்கானில் ஒரு நிழல் தெரிந்ததும் எங்கள் சனத்துக்குக் காதில் விழுவது "கான்சர்" மட்டும்தான். புற்றுநோய் ஆஸ்பத்திரிகள் இருக்கும் தெல்லிப்பழை என்றோ மகரகம என்றோ ஊர்ப்பெயரைச் சொன்னாலே வீட்டில் அழுகை தொடங்கிவிடும். சிலர் அதோடு வைத்தியத்தையே நிறுத்திவிடுகிறார்கள். கட்டிபோல் தெரிவதெல்லாம் கட்டி இல்லை என்பதை அந்த நேரத்திலேயே சொல்லுங்கள். மூளையில் காசநோய் உருண்டையாகத் திரளும். முள்ளந்தண்டில் காசநோய் எலும்பைத் தின்று முதுகைக் கூனாக்கும். இரண்டும் மருந்துக்குக் கேட்கும். மெலியோய்டோசிஸ் என்ற நோயைத் தரும் கிருமி இலங்கையின் மண்ணிலும் வயல் சேற்றிலும் இருக்கிறது. சலரோகக்காரர்களை அதிகம் பிடிக்கிறது. அரிதாக மூளையிலும் சீழ்க்கட்டியை உண்டாக்குகிறது. காலபோகம் விதைக்கிற நேரம் வெறுங்காலோடு சேற்றில் இறங்கும் எங்கள் ஆட்களில் ஒருவருக்குக் காய்ச்சலும் தலையிடியும் வலிப்பும் வந்து ஸ்கானில் வளையம்போல் ஒன்று தெரிந்தால், கட்டி என்று முடிவுகட்டுவதற்கு முன் இதையும் நினையுங்கள். மண்டையோட்டில் மெத்தென்று வீங்கி, எக்ஸ்ரேயில் விளிம்பு தெளிவான ஓட்டையாகத் தெரியும் லாங்கர்ஹான்ஸ் கல ஹிஸ்டியோசைட்டோசிஸ் பிள்ளைகளுக்கு வருகிறது. ஒரே இடத்தில் மட்டும் என்றால் பெரும்பாலும் நன்றாகவே ஆறிவிடும். பெற்றோர் "விழுந்து அடிபட்ட வீக்கம்" என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

எது எது என்று சொல்லப்போவது சதைத்துண்டு. படம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் கடைசித் தீர்ப்பு நுணுக்குக்காட்டியின் கீழ்தான். சதையை எப்போது, எந்த வழியாக எடுப்பது என்பதை, பிறகு பெரிய ஒப்பரேசன் செய்யப்போகிறவர்களோடு பேசாமல் செய்யக் கூடாது. கோர்டோமாவில் ஊசி போன பாதை நெடுக விதை சிந்தியதுபோல் கட்டி முளைக்கலாம். ஆகவே அந்தப் பாதையையும் சேர்த்து வெட்டியெடுக்கக்கூடியதாகத் திட்டமிட்டே ஊசி போட வேண்டும். மூளையில் வரும் லிம்போமா என்ற நிணநீர்க் கலப் புற்றுநோய் வேறு விதம். வீக்கத்துக்கு டெக்சாமெதசோன் கொடுத்தால் சில நாளில் கட்டியே கரைந்து மறைந்ததுபோலாகி, சதை எடுத்துப் பார்க்கும் பயொப்சியில் ஒன்றும் பிடிபடாது. உயிராபத்து என்றால் அந்த மருந்தைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். ஆபத்து இல்லை, லிம்போமா சந்தேகம் இருக்கிறது என்றால், பயொப்சி வரை பொறுக்கலாமா என்று நரம்பியல் சத்திரசிகிச்சை நிபுணரிடம் ஒரு போன் எடுத்துக் கேளுங்கள். மாவட்ட ஆஸ்பத்திரியில் நல்ல மனதோடு கொடுத்த ஊசி, மேலே போகும்போது நோயின் பெயரையே மறைத்துவிடலாம்.

எடுத்த சதைக்கு என்ன நடக்கிறது என்பதுதான் குடும்பங்களுக்கு ஒருபோதும் சொல்லப்படாத பகுதி. மெழுகில் பதித்த அந்தக் கட்டையை வருடக்கணக்கில் வைத்திருக்கலாம், அதிலிருந்து புதிதாகச் சீவி வேறு சாயங்கள் போட்டுப் பார்க்கலாம், வேறொரு நிபுணருக்கு அனுப்பலாம். கோர்டோமாவையும் அதைப் போலவே தெரியும் கொண்ட்ரோசார்கோமா என்ற குருத்தெலும்புப் புற்றுநோயையும் பிரிக்க, பிரக்கியூரி என்ற புரதத்துக்கான சாயம் 2006 இலிருந்து தெரியும். இரண்டும் வேறு நோய், பிறகு நடக்கப்போவதும் வேறு. மூளையின் தாங்கு கலங்களிலிருந்து வளரும் கிளியோமாக்களில் இன்று ஐ.டி.எச். மரபணுவில் மாற்றம் உண்டா இல்லையா என்று பார்க்காமல் சரியான பெயரே வைக்க முடியாது. 2021 வகைப்பாடு அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. எல்லாச் சோதனையையும் கிளிநொச்சியில் செய்யுங்கள் என்று நான் கேட்கவில்லை. செய்ய முடிந்த இடத்துக்குக் கட்டை போக வேண்டும். சந்தேகமாக எழுதப்பட்ட றிப்போட், "மேலதிக பரிசோதனை தேவை" என்ற ஒரு வரியோடு கொப்பிக்குள் மடிந்து கிடக்கக் கூடாது. அந்த மேலதிக பரிசோதனையை யார் செய்விப்பது? பெரும்பாலும் அந்த வரியை வாசிக்கத் தெரியாத ஒரு தாய். அவவிடம் கட்டையின் இலக்கம்கூட இருக்காது. டயக்னோசிஸ் அட்டையில் அந்த இலக்கத்தையும், படங்கள் பதிந்த கணினித் தட்டின் விபரத்தையும், எந்த ஆய்வுகூடம் பார்த்தது என்பதையும் எழுதிக் கொடுப்பதற்குச் செலவு ஒன்றும் இல்லை.

மாகாணப் பணிப்பாளர் அவர்களே, உங்களிடம் நேரே கேட்கிறேன். யாழ்ப்பாணம், அநுராதபுரம், கொழும்பு ஆகிய இடங்களிலுள்ள நரம்பியல் சத்திரசிகிச்சை, கதிரியக்க, நோயியல் நிபுணர்களையும் வன்னி ஆஸ்பத்திரிகளின் வைத்தியர்களையும் குறித்த நாளில் ஒன்றாக இருத்தி, சந்தேகமான படங்களையும் றிப்போட்களையும் பார்க்க ஒரு ஒழுங்கு செய்யுங்கள். படம் இணையத்தில் போகும். ஆள் எல்லா முறையும் போகத் தேவையில்லை. ஒருவர் கொழும்புக்குப் போனால் அது ஒப்பரேசனுக்கோ, அங்கே மட்டும் செய்யக்கூடிய சோதனைக்கோ என்று தெரிந்த பிறகு போகட்டும். அப்படிப் போகிறவருக்குத் தமிழ் பேசும் ஒருவர் கூட இருக்க வேண்டும். சலம் அடங்கவில்லை, கீழே மரத்துப்போய்விட்டது என்பதை ஒரு பெண் முன்பின் தெரியாத ஆணை மொழிபெயர்க்க வைத்துச் சொல்லமாட்டாள். சொல்லாமல் விட்ட அந்த ஒரு குணங்குறிதான் அவசர ஒப்பரேசனுக்கும் ஆறுமாதக் காத்திருப்புக்கும் உள்ள வித்தியாசம். பெண்களுக்குப் பெண்களையே ஒழுங்கு செய்யுங்கள். நாங்கள் சிலர் இதற்குத் தயார்.

பிராந்தியப் பணிப்பாளர்களிடம்: ஒவ்வொரு ஓ.பி.டி.யிலும் கண்ணின் அடிப்பாகம் பார்க்கும் கருவி ஒன்று வேலை செய்யும் நிலையில் இருக்கட்டும். ஹெல்ம்ஹோல்ட்ஸ் அதைப் பற்றிய நூலை வெளியிட்டது 1851 இல். மண்டைக்குள் அமுக்கம் கூடினால் பார்வை நரம்பு வீங்கி நிற்பதை அதனால் காணலாம். எங்கள் பக்கம் சில இடங்களில் கருவி இருக்கும், பற்றரி இருக்காது. பற்றரி இருந்தால் அலுமாரித் திறப்பு வேறொருவரிடம் இருக்கும். வலிப்பு புதிதாக வந்த பெரியவர், கால் பலவீனம் கூடிக்கொண்டு போகிறவர், சலம் மலம் அடங்காத முதுகு நோக்காரர், கண் நரம்பு வீங்கியவர், இவர்களை எத்தனை நாளுக்குள் எங்கே அனுப்புவது என்று எழுத்தில் இருக்கட்டும். புதிதாக மாற்றலாகி வரும் வைத்தியருக்கு முதல் நாளே அது கையில் கிடைக்கட்டும். வன்னிக்கு வருகிறவர்கள் சில காலம் இருந்துவிட்டு மாறிப் போகிறார்கள். ஒருவர் தலைக்குள் வைத்திருக்கும் அறிவு அவரோடு போய்விடுகிறது.

ஓ.பி.டி. வைத்தியர்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். "முந்தியை விடக் கூடுதா?" என்று கேளுங்கள். நடக்கச் சொல்லிப் பாருங்கள். செருப்பு கழன்று விழுகிறதா என்று கேளுங்கள். எங்கள் சனம் "விறைப்பு" என்று மட்டும் சொல்லும், செருப்பைப் பற்றிக் கேட்டால்தான் மற்றதைச் சொல்லும். குண்டூசி ஒன்றை மேசை லாச்சியில் வைத்திருங்கள்.

முதல் வேலையாக, உடம்பில் பீஸோடு இருக்கிறவர்கள் எக்ஸ்ரே எடுத்து அட்டை பெற எந்த ஆஸ்பத்திரிக்கு, எந்த நாளில் வர வேண்டும் என்று அறிவியுங்கள். அறிவித்தலைக் கிராம அலுவலர் அலுவலகங்களிலும் கோயில், தேவாலய, பள்ளிவாசல் பலகைகளிலும் ஒட்டுவதையும், வரமுடியாதவர்களைக் கூட்டிக்கொண்டு வருவதையும் நோயாளர் குடும்பங்களாகிய நாங்கள் பொறுப்பெடுக்கிறோம். அதைப் பற்றிப் பேச நேரம் ஒதுக்கித் தந்தால், அக்காவும் மற்றவர்களும் தங்கள் படங்களோடும் கொப்பிகளோடும் வருவார்கள்.

இப்படிக்கு,
நோயாளியின் தங்கை, ஆசிரியை
கிளிநொச்சி மாவட்டம்